டி போட்டு எட்டு மாசம், இன்னும் அரும்பு மீசைதான்: தாடி பத்தி அண்ணன்மாரிடம் சில கேள்விகள்

அரும்பு_நெல்லை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிக்க மட்டும்தான் செஞ்சேன், இன்னைக்குத்தான் எழுதுதேன். வயசு 23, திருநெல்வேலிப் பக்கம். பொண்ணுன்னு வளத்தாங்க, ஆனா நான் ஆண், திருநம்பி. ‘டி’ன்னு நாம சொல்லுத டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சு எட்டு மாசம் முடிஞ்சிருக்கு. மூணாவது மாசம் மாதவிடாய் நின்னுது. நாலாவது மாசம் குரல் உடைஞ்சுது. பருவும் நெத்தி, முதுகு எல்லா இடத்துலயும் வந்தாச்சு. முகத்துல மட்டும் ஒண்ணும் நகரமாட்டேங்கு. மேலுதட்டு ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் கறுத்திருக்கு. மோவாய்க்கு அடியில எண்ணிப் பாத்தேன், பதினஞ்சு முடி. கன்னத்துல வெறும் பூனைமுடி.

அவசரத்துக்குக் காரணம் இருக்கு. தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புல மாலை போடுறது என் தம்பிதான்னு அக்கா வீட்ல சொல்லிட்டா. அப்பா சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. சொந்தபந்தம் முந்நூறு பேருக்கு முன்னால நான் நிக்கணும். அப்ப முகத்துல ஏதாவது இருக்கணும்னு தோணுது.

கேக்க வேண்டியது நாலு விஷயம். அடிக்கடி சவரம் பண்ணுனா அடர்த்தியா வருமா? முடி வளரத் தடவுத மினாக்சிடில் மருந்து போடலாமா? ஊசியை மூணு வாரத்துக்குப் பதிலா ரெண்டு வாரத்துல போட்டா சீக்கிரம் வளருமா? நாலாவதுதான் பெரிய பயம். பன்னிரண்டு வயசுல இருந்து ஞாயித்துக்கிழமை தவறாம அம்மா கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைச்சு என் முகத்துல பூசிவிட்டாங்க, முடி வரக்கூடாதுன்னு. அதுல வேரெல்லாம் செத்துப் போயிருக்குமோ?

மதுரக்காரன் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன், நீ ராத்திரி தூங்கணும். மஞ்சளும் குப்பைமேனியும் தோலுக்கு மேல இருக்குற முடியோட நிக்கும். முடி முளைக்கிற குழி தோலுக்கு உள்ளே இருக்கு. அதைச் சாகடிக்கிற சக்தி அரைச்ச இலைக்குக் கிடையாது. எங்கம்மாவும் பூசினாங்க, கடலை மாவும் சேத்து. இன்னிக்கு எனக்கு முழுத் தாடி.

இன்னொரு விஷயம் புரிஞ்சுக்க. தாடிக்குன்னு தனியா குழி எதுவும் புதுசா உண்டாகாது. இப்ப பூனைமுடி முளைக்கிற அதே குழியிலதான் நாளைக்குத் தாடி முடி முளைக்கும். டெஸ்டோஸ்டிரோன் அங்க போனதும் ஒரு நொதி அதை டிஹெச்டிங்கிற இன்னொரு ஹார்மோனா ஆக்கும். குழியைப் பெருசாக்கி, முடியைத் தடிப்பாவும் கறுப்பாவும் மாத்துறது பெரும்பாலும் அந்த டிஹெச்டிதான். ஆனா இருக்குற முடி ஒரே நாள்ல தடிக்காது. அது தன் காலம் முடிஞ்சு விழணும், அடுத்து வர்றது கொஞ்சம் தடிப்பா வரும், அதுக்கு அடுத்தது இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு நேரத்துல முழிக்கும். அதான் திட்டுத்திட்டா தெரியுது.

டாக்டர்ங்க வச்சிருக்குற வழிகாட்டுதல்ல முகமுடி ஆரம்பிக்க 6 முதல் 12 மாசம், முழுசா வர 4 முதல் 5 வருஷம்னு போட்டிருக்கு. உன்னோட ஸ்கூல்ல படிச்ச பசங்களை நெனச்சுப் பாரு. ஒன்பதாவதுல அரும்பு விட்டவன் காலேஜ் முடிக்கிறப்பதானே தாடி வச்சான்? நீ இப்ப ஒன்பதாவது படிக்கிற. அப்பா, சித்தப்பா, தாய்மாமன் ரெண்டு பக்கமும் பாரு. அவங்க கன்னம் எப்படியோ, உன் கன்னமும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்.

சவரம் பண்ணுனா அடர்த்தி ஆகும்ங்கிறது உண்மையில்ல. 1928லயே அமெரிக்காவுல மில்ட்ரெட் டிராட்டர்னு ஒரு உடற்கூறு ஆய்வாளர் ஆம்பளைங்களைச் சவரம் பண்ண வச்சு, வெட்டுன முடியை அளந்து பாத்துட்டாங்க. தடிமனும் மாறல, வேகமும் மாறல. முடி நுனி இயல்பா கூர்மையா இருக்கும். பிளேடு அதை மொட்டையா வெட்டிடுறதால ரெண்டு நாள் சொரசொரன்னு கறுப்பாத் தெரியும். அந்தத் தோற்றம் பிடிச்சிருந்தா தாராளமா பண்ணு. பழகிக்கவும் செய்யலாம்.

ஊசி விஷயத்தை ராசு வந்து சொல்லட்டும். அவன் பட்டவன்.

கோவை_ராசு எழுதியது:

கூப்பிட்டீங்கல்லங்க அண்ணா, வந்துட்டேன். தம்பி, நான் செஞ்சதை நீங்க செய்யாதீங்க.

எனக்கு அப்போ பதினோராவது மாசம். கண்ணாடி முன்னாடி நின்னு தினமும் போட்டோ எடுப்பேன், நேத்துப் போட்டோவோட ஒப்பிட்டுப் பாப்பேன். பொறுக்க முடியல. டாக்டர்கிட்ட சொல்லாம மருந்துக்கடையில வாங்கி, மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு இருந்ததை பத்து நாளைக்கு ஒண்ணாக்கிட்டேன். நாலு மாசம் அப்படி ஓட்டினேங்க. தாடி ஒரு முடி கூட அதிகமா வரல. வந்ததெல்லாம் தலைவலி, முகம் செவசெவன்னு ஆகுறது, படியேறினா மூச்சு வாங்குறது. ரத்தம் பாத்தப்ப ஹீமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, 57 சதவீதம். டாக்டர் ஊசியையே நிறுத்தி வச்சுட்டாருங்க. அந்த ரெண்டு மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மறுபடி மாதவிடாய் வந்துருச்சு.

தாடிக்கு அவசரப்பட்டு, கையில இருந்ததையும் விட்டுட்டு நின்னேன். இதைச் சொல்ல எனக்கு இன்னமும் வலிக்குது, இருந்தாலும் சொல்லணும்.

சோதனைக்குழாய் எழுதியது:

ராசு சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். நான் லேப்லதான் வேலை பாக்கறேன், நானும் திருநம்பிதான். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுவைக் கூட்டும். ஹீமாட்டோக்ரிட் 54ஐத் தாண்டினா ரத்தம் கெட்டியாகி உறையற ஆபத்து இருக்கறதால டாக்டர்ங்க அளவைக் குறைப்பாங்க, இல்லேன்னா நிறுத்தி வைப்பாங்க. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒருதரம் பாத்தே ஆகணும். தேவைக்கு மேல போட்ட டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கை உடம்பே ஈஸ்ட்ரோஜனா மாத்தும், அதையும் மறந்துடாதீங்க. கையில காசு இல்லைன்னு சோதனையைத் தள்ளிப் போடுறவங்க அரசு மருத்துவமனையில கேளுங்க. சென்னையில ராஜீவ் காந்தி மருத்துவமனையில நமக்குன்னு தனி கிளினிக்கே இருக்கு.

மேகவண்ணன் எழுதியது:

மினாக்சிடில் பத்தி யாரும் பேசலையே. நான் போட்டேன், எனக்கு வேலை செஞ்சது. ரெண்டாவது வருஷத்துல 5 சதவீதக் கரைசல், காலையில ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி. முதல் ஆறு வாரத்துல இருந்த முடியும் கொட்டுச்சு. பயந்துட்டேன், ஆனா அது வழக்கமா நடக்குறதுதான். நாலாவது மாசம் கன்னத்துல மெல்லிசா இறங்கிச்சு. ஒரு வருஷம் போட்டு நிறுத்துனேன். பெரும்பாலும் நின்னுடுச்சு, கொஞ்சம் உதிர்ந்துச்சு.

அது தலைவழுக்கைக்கு அனுமதிச்ச மருந்து. தாடிக்குப் போடுறதெல்லாம் டாக்டர் சொல்லிப் போடணும். தாய்லாந்துல 2016ல தாடிக்குன்னே 3 சதவீதத்துல சோதிச்சு நல்ல பலன்னு சொன்னாங்க, ஆனா அது சிறிய ஆய்வு, அதுல நம்ம ஆட்கள் கிடையாது. படபடப்பு வந்தாலோ, கால் வீங்குனாலோ உடனே நிறுத்து. தோல் உரியுது, அரிக்குதுன்னா பெரும்பாலும் கரைசல்ல இருக்குற புரொப்பிலீன் கிளைக்கால்தான் காரணமா இருக்கும், நுரையா வர்றதுல அது இல்ல.

வீட்ல பூனை இருந்தா தொடவே தொடாதே. பூனைக்கு அது விஷம். உன் கன்னத்தை நக்கினாலும், தலையணையில உரசினாலும் உயிருக்கே ஆபத்து. இதைக் கடைக்காரங்க யாரும் சொல்லமாட்டாங்க.

மதுரக்காரன் எழுதியது:

மேகா, உனக்கு வந்துச்சு, சந்தோஷம். ஆனா ரெண்டாவது வருஷத்துல டி மட்டும் போட்டிருந்தாலும் எவ்வளவோ வந்திருக்கும். எதனால வந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுல்ல. எட்டு மாசத்துலயே, முகம் முழுக்கப் பருவோட இருக்குற பையனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். தாடி வளர முகத்துல உருட்டுறாங்களே, அந்த ஊசி உருளையையும் (டெர்மாரோலர்) சொல்லமாட்டேன், பரு மேல உருட்டுனா சீழ் பரவும்.

மேகவண்ணன் எழுதியது:

பிரிச்சுச் சொல்ல முடியாதுதான் அண்ணா, ஒத்துக்கறேன். ஆனா தாடி இல்லாம கழிஞ்ச ஒவ்வொரு மாசமும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு வருஷம் காத்திருந்துட்டு அப்புறமும் வேணும்னு தோணுனா டாக்டரைக் கேளுன்னு தம்பிக்குச் சொல்றேன். அதுல நமக்குள்ள சண்டை இல்ல.

பின்கதவு எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. எனக்குப் பிசிஓஎஸ்ங்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்ததால 17 வயசுலயே மோவாயில முடி வந்துச்சு. வீட்ல பியூட்டி பார்லர் கூட்டிட்டுப் போய் ஆறு தடவை லேசர் பண்ண வச்சாங்க. ஒவ்வொரு தடவையும் நான் அழுதேன், வலிக்குதுன்னு நெனச்சாங்க. இப்ப டி ஆரம்பிச்சு அஞ்சு மாசம். இனிமே அங்க முடி வருமா?

சோதனைக்குழாய் எழுதியது:

உங்க கேள்வி சின்னது இல்லைங்க. லேசர் கறுப்பு நிறத்தைத் தேடித்தான் அடிக்கும். அப்ப கறுப்பா தடிச்சு இருந்த முடியோட குழிகள்ல சிலது நிரந்தரமா போயிருக்கலாம். ஆனா சுத்தியிருந்த பூனைமுடிக்கு நிறமே கிடையாது, லேசர் அதை விட்டுட்டுப் போயிருக்கும். டி போட்டதும் அதுங்கதான் முழிக்கப் போகுது. லேசர் முடிச்ச எத்தனையோ பொண்ணுங்களுக்கு ஹார்மோன் மாறினா மறுபடி முடி வருது, அதனாலதான் திரும்பத் திரும்பப் போறாங்க. காத்திருங்க.

மட்டுநகரான் எழுதியது:

நான் மட்டக்களப்பு. எல்லாரும் தாடி வேணுமெண்டு கதைக்கிறியள், நான் ரெண்டு வருசம் வந்த தாடியை ஒவ்வொரு நாளும் வழிச்சுப்போட்டுத்தான் வேலைக்குப் போனனான். அடையாள அட்டையில பழைய பேர், பழைய படம். சோதனைச்சாவடியில மறிச்சால் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பாப்பினம். இலங்கையில 2016இல சுகாதார அமைச்சு பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதை வச்சுத்தான் பிறப்புச் சான்றிதழையும் பிறகு அட்டையையும் மாத்தினன். அட்டை கையில வந்த கிழமைதான் சவரக்கத்தியைக் கீழ வச்சனான். தம்பி, உங்கட கடதாசி எல்லாம் எந்த நிலையில இருக்கெண்டு பாத்துக்கொள்ளுங்கோ.

கதிர்_சென்னை எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு ஒரு வருத்தம். தாடி வந்தாத்தான் ஆம்பளை, மீசை இருந்தாத்தான் மரியாதைன்னு இந்த ஊர் காலங்காலமா சொல்லிட்டு இருக்கு. நாமளும் அதையே ஏன் சொல்லணும்? டி எடுக்காத திருநம்பிகள் இருக்காங்க, எடுக்க முடியாத உடம்பு உள்ளவங்க இருக்காங்க. எனக்கு ஆறு வருஷம் ஆகுது. தாடி நல்லாவே வருது, தினமும் எடுத்துடறேன், எனக்கு மழுமழுன்னு இருக்கறதுதான் பிடிக்கும். தம்பி, அந்த மேடையில நீ மீசை இல்லாம நின்னாலும் உங்க அக்காவோட தம்பிதான்.

அரும்பு_நெல்லை எழுதியது:

அண்ணா, நீங்க சொல்லுதது புரியுது. ஆனா முந்நூறு பேர்ல முக்கால்வாசிப் பேருக்கு என்னை அஞ்சு வயசுல இருந்து தெரியும். அவங்க கண்ணு என் முகத்துல எதைத் தேடும்னு எனக்குத் தெரியும். கண்ணாடியில எனக்கே அது வேணும். ஆசைப்படுதது தப்பா?

கதிர்_சென்னை எழுதியது:

தப்பே இல்லடா. ஆசைப்படு. அது வர்ற வரைக்கும் நீ குறைஞ்சவன்னு மட்டும் நெனைக்காதே, அவ்வளவுதான் நான் கேக்கறது.

மதுரக்காரன் எழுதியது:

கதிர், நீ சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா மீசைக்கு இந்த ஊர்ல ஒரு கனம் இருக்கு, அதைச் சுலபமா தள்ளிட முடியாது. இதுவரைக்கும் எங்கயும் எழுதாத ஒண்ணைச் சொல்றேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா தவறிட்டாங்க. நான் வீட்டை விட்டுப் போய் அப்ப ஆறு வருஷம், டி போட்டு நாலு வருஷம். ஊர்ல யாரும் என்னை இந்த முகத்தோட பாத்ததில்ல. செய்தி சொன்னது தங்கச்சி மட்டும்தான். விடியக்காலையில பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். பந்தல்ல உக்காந்திருந்தவங்க எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. யாரோ துக்கத்துக்கு வந்த ஆள்னு நெனச்சாங்க. அம்மாதான் அடையாளம் கண்டு ஓடி வந்தாங்க.

கொள்ளி யார் வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. எனக்குக் கூடப் பொறந்தது தங்கச்சி ஒருத்திதான். சித்தப்பா மகன் வைக்கட்டும்னு நாலு பேர் சொன்னாங்க. நான் வாயே திறக்கல. அப்பா முகத்தைப் பாத்ததே போதும்னு ஓரமா நின்னேன். பெரியப்பா என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாரு, ரொம்ப நேரம். அப்புறம் சுடுகாட்டுல நாவிதரைக் கூப்பிட்டு, "மூத்தவன் இவன்தான், தலையையும் மீசையையும் எடுத்துவிடு"ன்னாரு.

கொள்ளி வைக்கிற மகன் மீசையோட நிக்கக்கூடாதுங்கிறது எங்க பக்கத்து வழக்கம். தண்ணியைத் தொட்டு மேலுதட்டுல வச்சாரு நாவிதர். ஒவ்வொரு முடியா பாத்துப் பாத்து வளத்த மீசை கீழ விழுந்துச்சு. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. நான் அழுதது அப்பாவுக்காகவா, எதுக்காகன்னு இன்னிக்கும் பிரிச்சுச் சொல்ல முடியல.

தம்பி, உங்கப்பா வேண்டாம்னு சொல்லலைன்னு எழுதியிருந்தியே. அந்த இடத்தை விட்டு நகராம நில்லு.

கதிர்_சென்னை எழுதியது:

அண்ணா. இதுக்கு மேல நான் என்ன எழுத. அடுத்த வாரம் மதுரை வர்றேன், பாக்கணும்.

தொண்டிக்_கடல் எழுதியது:

மதுரை அண்ணன் எழுதினதைப் படிச்சு முடிச்சப்ப ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல மீசையைக் கத்தரிச்சு தாடியை விடுவாங்க, எங்கத்தா அப்படித்தான். நானும் அப்படியே வச்சிருக்கேன், ஒரு பிடி வர இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும். தம்பிக்கு உருப்படியா ஒண்ணு சொல்றேன். தையில கல்யாணம்னா கைவசம் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. இப்ப இருக்குறதை வெட்டாதே. மேலுதட்டு முடி நிறைய இருக்கும், நிறம்தான் பத்தாது. தாடிக்குன்னு விக்கிற சாயத்துல இளங்கறுப்போ அடர்பழுப்போ வாங்கு, தலைக்குப் போடுற கருகருன்னு இருக்குறது வேண்டாம், தனியாத் தெரியும். முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு துளி வச்சு ரெண்டு நாள் பாரு. பல சாயத்துல இருக்குற பிபிடிங்கிற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்குற அளவுக்கு ஒத்துக்காது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் தடவை போட்டுப் பாக்காதே, இப்பவே பாத்துக்க.

கோவை_ராசு எழுதியது:

கண் மையும் தொடலாமுங்க, ஆனா வேர்த்தா வழிஞ்சுரும். மாலை போடறப்ப மாப்பிள்ளை சட்டையில ஒட்டிக்கும், அதனால சாயந்தானுங்க நல்லது. விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, கருஞ்சீரகம்னு ஆளாளுக்குச் சொல்லுவாங்க. எண்ணெய் தடவினா இருக்கற முடி பளபளன்னு படியும், புதுசா வராது. பரு இருக்கற முகத்துக்கு எண்ணெயே வேண்டாம்.

அரும்பு_நெல்லை எழுதியது (தை கடைசியில்):

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. ஊசி நாளை மாத்தல. மினாக்சிடில் போடல, வீட்ல ரெண்டு பூனை இருக்கு. தொண்டி அண்ணன் சொன்ன மாதிரி சாயத்தைக் காதுக்குப் பின்னால வச்சுப் பாத்துட்டுப் போட்டேன். பதினோராவது மாசம் ஆகுறதுக்குள்ள மீசை உண்மையாவே கொஞ்சம் கூடியிருந்துது. மோவாயில பதினஞ்சு போய் இப்ப எண்ண முடியல.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புதப்ப அப்பா என் வேட்டியைப் பாத்துட்டு, "மடிப்பு சரியில்ல, இங்க வா"ன்னு கூப்பிட்டு அவங்களே கட்டிவிட்டாங்க. வேற ஒண்ணும் பேசல. மாலையை நான்தான் போட்டேன்.

இப்ப வேற பிரச்சினை. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் ஆசையா முதல் சவரம் பண்ணினேன். தாடைக்கு அடியில சிவப்பு சிவப்பா கொப்புளம், உள்ள முடி சுருண்டு கிடக்கு. யாரும் எனக்குச் சொல்லித் தரல, வீடியோ பாத்துத்தான் பண்ணினேன். என்ன தப்பு பண்ணினேன்?

மதுரக்காரன் எழுதியது:

வேட்டி கட்டிவிட்டாங்கன்னு படிச்சதும் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைச்சிட்டு வந்தேன்.

சவரத்துக்கு வா. கழுத்துல முடி கன்னத்துல மாதிரி எல்லாருக்கும் கீழ் நோக்கியே வளராது. சிலருக்கு மேல் நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டுல, தாடைக்கடியில சுழியே இருக்கும். நாலு நாள் விட்டு விரலால தடவிப் பாரு. வழுக்கிட்டுப் போற பக்கம்தான் வளர்ற பக்கம், அந்தப் பக்கமே பிளேடை இழு. எதிர்ப்பக்கம் இழுத்தா, தோலை இழுத்துப் பிடிச்சு ஒட்ட எடுத்தா, முடி தோலுக்கு அடியில வெட்டுப்பட்டு உள்ளயே வளைஞ்சு வளரும். நம்ம ஊர்ச் சுருட்டை முடிக்கு அது சீக்கிரம் நடக்கும்.

கொப்புளம் ஆறுற வரைக்கும் பிளேடே வேண்டாம். ட்ரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு எடு. கிள்ளாதே, ஊசியால குத்தாதே. வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு அஞ்சு நிமிஷம் ஒத்து. ரெண்டு வாரத்துல அடங்கலைன்னாலோ, சீழ் கட்டினாலோ தோல் டாக்டர்கிட்ட காட்டு.

அடுத்த தடவை குளிச்சு முடிச்சதும் பண்ணு, முடி ஊறியிருக்கும். நுரையைப் போட்டு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு ஆரம்பி. பிளேடை அழுத்தாதே, அதோட கனமே போதும். ரெண்டு இழுப்புக்கு ஒருதரம் அலசு. பரு இருக்குற இடத்தைச் சுத்திப் போ, மேல போகாதே. முடிச்சதும் குளிர்ந்த தண்ணி, படிகாரத்தை நனைச்சு லேசா ஒரு தடவல், எரிச்சல் அடங்கினதும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். பிளேடை அஞ்சாறு தடவைக்கு மேல வச்சுக்காதே. சலூனுக்குப் போனா உன் கண்ணு முன்னாடி புது பிளேடு பிரிக்கச் சொல்லு, ரத்தம் மூலமா பரவுற நோய் அந்த வழியாவும் வரலாம். கேக்கக் கூச்சப்படாதே, எல்லா ஆம்பளைங்களும் கேக்குறதுதான்.

தடவிப் பாத்துட்டு உன் கழுத்துல எந்தப் பக்கம் வளருதுன்னு எழுது. இடது பக்கமும் வலது பக்கமும் வேற வேறயா இருந்தா தனித்தனியா எழுது.